பெல்ட்டுக்கும் வயசாகும்

பானெட்டைத் திறப்பது அப்புறம். முதலில் ஆர்.சி.யை எடுங்கள். அட்டையாக இருந்தாலும் சரி, செல்போனில் டிஜிலாக்கரில் கிடந்தாலும் சரி, அதில் வண்டி தயாரான மாதமும் வருஷமும் போட்டிருக்கும். இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்து, வரும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதுங்கள். டி.என். 06 நம்பர் பலகை மாட்டி மந்தைவெளிக்குள்ளேயே வளைய வரும் காராக இருந்தால், முதல் எண் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகவும் இரண்டாவது எண் நினைத்ததைவிடச் சின்னதாகவும் இருக்கும். பதினோரு வருஷம், முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் என்கிற மாதிரி. டைமிங் பெல்ட் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

எங்கள் அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி மாமா அப்படித்தான் ஏமாந்தார். அவருடைய சின்ன பெட்ரோல் கார், கபாலி கோயில் வரை போய் மாடவீதியில் நிறுத்த இடம் கிடைக்காமல் திரும்பி வரும். வாரம் ஒரு தரம் அடையாறு. மழை நாளில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடும். வருஷத்துக்கு ஒரு முறை கும்பகோணம் பக்கம் குலதெய்வம். மற்ற நாளெல்லாம் தூண்களுக்கு நடுவே துணி போர்த்திக்கொண்டு தூங்கும். வருஷம் தவறாமல் சர்வீசுக்கு விடுவார். பெல்ட்டைப் பற்றி ஒரு தடவை கேட்டும் இருக்கிறார். "முப்பதாயிரம்தானே சார் ஓடியிருக்கு, அறுபதாயிரத்துல பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அந்த அறுபதாயிரம் வர இன்னும் பத்து வருஷம் ஆகும் என்பதை யாரும் கணக்குப் போடவில்லை.

செயின்ட் மேரிஸ் ரோடு திருப்பத்தில், வேகம் இருபதுகூட இல்லாதபோது, வண்டி நின்றது. "ஒரு சத்தம் கிடையாது. ஸ்விட்சை அணைச்ச மாதிரி நின்னுடுத்து" என்றார் மாமா. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் வழக்கமான திணறல் இல்லாமல், ஒன்றும் போடாத மிக்ஸி சுற்றுவதுபோல் விர்ரென்று சுற்றியது. பின்னால் ஹாரன் சத்தம். மாமா ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பெல்ட் அறுந்ததால் வந்த சேதத்தோடு, அந்த ஏழெட்டுத் தடவையால் எவ்வளவு கூடியது என்பது யாருக்கும் தெரியாது. ஹெட்டை இறக்கியபோது வால்வுகள் வளைந்திருந்தன.

அந்த விர்ரென்ற சத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

எது டைமிங் பெல்ட், எது இல்லை

பானெட்டைத் திறந்ததும் ஓரமாகக் கண்ணில் படும் பெல்ட் இது இல்லை. அது ஃபேன் பெல்ட் என்று பழைய பழக்கத்தில் சொல்கிறோமே, அது, ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரெஸரையும் சுற்றுவது. அது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஏ.சி. நிற்கும், ஓரங்கட்டி நிறுத்த உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். "போன வருஷம்தான் பெல்ட் மாத்தினேன்" என்று அடித்துச் சொல்கிறவர்களின் பில்லை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேர் மாற்றியது இந்த வெளி பெல்ட்டைத்தான்.

டைமிங் பெல்ட் என்ஜினின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறுகள், பற்களின் மேல் நைலான் துணி. கீழே பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் அதுதான் பிணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே ஏறி வரும் இடத்துக்குள்தான் வால்வும் இறங்கி வருகிறது. ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்க வேண்டும். ஒரே ஊஞ்சலின் இரு பக்கமும் நின்று ஆட்டுகிற மாதிரி, தாளம் தப்பினால் முகத்தில் அடி. தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ அகலமுள்ள ரப்பர்.

எல்லா என்ஜினிலும் அப்படி மோதாது. சிலவற்றில் வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் பிஸ்டனுக்கு எட்டாது; பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான், புது பெல்ட் போட்டால் ஓடும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆனால் டீசலாக இருந்தால் கேட்கவே வேண்டாம், மோதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் ஓட்டின தலைமுறைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அதன் பழைய 1500 என்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே என்ஜின் பிளாக்கிலேயே இருந்தது. குட்டையான செயின் ஒன்று, எண்ணெயில் நனைந்தபடி, அதைச் சுற்றியது. ரப்பர் பெல்ட்டை முதன்முதலில் பெருமளவில் தயாரான காரில் போட்டவர்கள் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் இருந்த கிளாஸ் என்ற சின்னக் கம்பெனிக்காரர்கள். வண்டியின் பெயர் 1004, விற்பனைக்கு வந்தது 1962. செயினைவிட எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம், மலிவு. கேம் ஷாஃப்ட் மேலே ஏற ஏற உலகம் முழுக்க எல்லாரும் பெல்ட்டுக்கு வந்தார்கள். நம் ஊர் தெருவுக்கு அது மாருதி 800-உடன் வந்து சேர்ந்தது. ரப்பர் என்பதால் ஒருநாள் மாற்றியாக வேண்டும் என்பது மட்டும் நம்மோடு ஒட்டவில்லை. செயின் காலத்துப் பழக்கம்.

மந்தைவெளிக் கணக்கு

கம்பெனிக் கையேட்டில் பெல்ட்டுக்கு இரண்டு எல்லை போட்டிருப்பார்கள்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அது. என்ஜினைப் பொறுத்து இது மிகவும் மாறும். சிலவற்றுக்கு அறுபதாயிரம் கிலோமீட்டரிலேயே கெடு முடியும். சில டீசல்கள் ஒன்றரை லட்சம் வரை போகும். அந்த "எது முதலில் வருகிறதோ" என்பதை ஊரே படிக்காமல் விடுகிறது. டாக்ஸி ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் முதலில் வரும். நமக்கு வருஷம்தான்.

ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை. நின்றாலும் கெடும். சூடும் காற்றும் வருஷக்கணக்கில் பட்டு இறுகும். துணி காயப்போடும் கிளிப்பைக் கட்டின ரப்பர் பேண்ட் என்ன கதியாகிறது என்று மொட்டை மாடியில் பார்த்திருப்பீர்கள். இப்போது வரும் பெல்ட் ரப்பர் பழைய நியோப்ரீனைவிட எவ்வளவோ உசத்தி, சூட்டைத் தாங்கும். ஆனால் அதற்கும் கடைசி நாள் உண்டு.

கிலோமீட்டர் கணக்குமே நம் பேட்டையில் பொய் சொல்கிறது. மந்தைவெளியிலிருந்து அடையாறு சிக்னல் சுமார் மூன்று கிலோமீட்டர். ஆர்.கே. மட் ரோட்டில் மெட்ரோ சுரங்க வேலைக்காகத் தடுப்பு வைத்து, ஒருவழியாக்கித் திருப்பிவிட்டபிறகு, மாலை நேரத்தில் இருபது நிமிஷம் ஆகிறது. என்ஜின் சராசரியாக 1,200 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள்: 24,000 சுற்று. அதே மூன்று கிலோமீட்டரை ஈ.சி.ஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில், 2,500 சுற்றில் போனால் இரண்டேகால் நிமிஷம். ஆறாயிரம் சுற்றுகூட வராது. மீட்டரில் இரண்டுக்கும் மூன்று கிலோமீட்டர்தான் ஏறும். பெல்ட்டுக்கு நாலு மடங்கு உழைப்பு. அதுவும் எப்படிப்பட்ட உழைப்பு? காற்றே புகாத நெரிசலில், ரேடியேட்டர் ஃபேன் அலறிக்கொண்டிருக்க, பானெட்டுக்குள் வெந்துகொண்டு.

இன்னொரு உள்ளூர்ச் சமாசாரம், தண்ணீர். 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு அடையாறு கரை மீறியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் குளமானதும் மறந்திருக்காது. சக்கரத்துக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற வண்டிகளில் பெல்ட் கவருக்குள்ளும் சேற்றுத் தண்ணீர் புகும். பெல்ட் காய்ந்துவிடும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், நடுவில் தாங்கும் ஐட்லர் ஆகியவற்றின் பேரிங்குக்குள் போன சேறு காயாது. அங்கேயே உட்கார்ந்து அரைக்கும். வெள்ளம் பார்த்த வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், பெல்ட் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

என்னைக் கேட்டால்: கையேட்டில் வருஷம் போட்டிருந்தால் அதுவே சட்டம். கையேடு தொலைந்துபோய், வண்டி வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாததாக இருந்தால், ஆறு வருஷத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நான் விட்டுவைக்க மாட்டேன். பழைய கார் வாங்கி, பெல்ட் மாற்றின பில் கையில் கிடைக்கவில்லை என்றால், மாற்றவில்லை என்றே அர்த்தம். "எல்லாம் பண்ணியிருக்கு சார்" என்பது பில் ஆகாது.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா?

சென்னையைச் சுற்றிச் செய்த வண்டிகளிலேயே பெல்ட் வண்டிகள் ஏராளம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் வெளிவந்த முதல் சான்ட்ரோ பெல்ட். அதன் தம்பி ஐ10-ல் 1.1 லிட்டர் என்ஜின் பெல்ட், 1.2 கப்பா என்ஜின் செயின். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. மறைமலை நகர் ஃபோர்டுகளில் 1.4, 1.5 டி.டி.சி.ஐ. டீசல்கள் பெல்ட். ஒரகடத்தில் செய்த டஸ்டர், டெரானோ, சன்னி டீசல்களின் 1.5 டி.சி.ஐ. என்ஜினும் பெல்ட், அதில் உயர் அழுத்த டீசல் பம்ப்பையும் வாட்டர் பம்ப்பையும்கூட அதே பெல்ட்தான் சுற்றுகிறது.

மாருதியில் 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், ஆல்டோ 800, முதல் தலைமுறை வேகன் ஆர் எல்லாம் பெல்ட். கே வரிசை என்ஜின் வந்த பிறகு செயின். ஸ்விஃப்ட், டிசையரில் பலர் வைத்திருக்கும் 1.3 டீசலும் செயின். டாடா இண்டிகாவின் பழைய 1.4 டீசல் பெல்ட். போலோ, வென்டோ டீசல்கள் பெல்ட். டொயோட்டாவில் பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட், கிரிஸ்டா டீசல் செயின். பழைய இன்னோவாவில் டேஷ்போர்டிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். நேரம் வந்ததும் எரியும். நல்ல யோசனைதான், ஆனால் அது எண்ணுவது கிலோமீட்டரை. வீட்டில் நிற்கும் இன்னோவாவுக்கு அந்த விளக்கு எரிவதற்குள் பெல்ட் கிழவனாகிவிடும்.

இகோஸ்போர்ட்டில் 1.0 இகோபூஸ்ட் பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. சிக்கனம் பார்த்து வேறு ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ரப்பர் உதிரும். உதிர்ந்தது ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். இந்த என்ஜினுக்கு ஆயில் பாட்டிலில் கம்பெனி சொன்ன குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், இந்த வண்டிக்காரர்கள் உதிரி பாகத்தைச் சாவகாசமாகத் தேடி முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இதெல்லாம் பெரிய கோடுகள்தான். ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் என்ஜின் மாறியிருக்கிறது. சேஸிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனியின் உதிரி பாக கவுன்டரில் கேட்டால் பெல்ட்டா செயினா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். செயின் என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு ஆயில் மாற்றும் அத்தியாயத்துக்குப் போகலாம். செயினுக்கு எமன் கெட்டுப்போன ஆயில்.

பார்த்துத் தெரியுமா?

கொஞ்சம் தெரியும். ரொம்ப நம்ப வேண்டாம். பல என்ஜின்களில் மேல் கவர் இரண்டு மூன்று கிளிப்பிலோ பத்தாம் நம்பர் போல்ட்டிலோதான் நிற்கிறது. என்ஜின் ஆறினபிறகு, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவரை எடுத்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். முதுகில் குறுக்கு வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பல் உடைந்த இடம், பளபளவென்று கண்ணாடி மாதிரி இறுகியிருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கவருக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் கிராங்க் சீலோ கேம் சீலோ கசிகிறது. ஆயில் பட்ட பெல்ட்டுக்குப் புது பழசு கிடையாது, மாற்ற வேண்டியதுதான். வறுத்த கடலையை அரைப்பதுபோல் ஒரு சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் டென்ஷனர் பேரிங். கவர் கிளிப் உடைந்த ஒரு வண்டிக்குள் தேங்காய் நாரும் பழைய துணியும் வைத்து எலி குடித்தனம் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். அது மந்தைவெளிக்கே உரிய தனிச்சிறப்பு.

ஒன்றும் தெரியவில்லை, பெல்ட் புதுசு மாதிரி இருக்கிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள். இக்கால பெல்ட்டுகள் வெடிப்பு காட்டாமலே உள்ளே இழை நொந்து அறுகின்றன. தேதிதான் சாட்சி.

சாமான் வாங்குவது

பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். கிட்டாக வாங்குங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் இருந்தால் அது, பெல்ட்டே வாட்டர் பம்ப்பைச் சுற்றும் என்ஜின் என்றால் பம்ப்பும். சீல் கசிந்தால் சீல். இங்கே மெக்கானிக்கோடு ஒரு சின்ன வாக்குவாதம் வரும்.

"டென்ஷனர் நல்லாத்தான் சார் இருக்கு. கையால சுத்தினா சத்தமே இல்ல. எதுக்கு வீண் செலவு?"

அவர் உங்கள் காசை மிச்சப்படுத்தத்தான் சொல்கிறார், கோபப்பட வேண்டாம். "இல்லண்ணே, கிட்டாவே போட்டுடுங்க, திரும்பப் பிரிக்க வேணாம்" என்று சொல்லுங்கள். கணக்கு எளிது. பெல்ட்டைத் தொட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, என்ஜினை ஜாக்கில் தாங்கி, பல வண்டிகளில் மவுன்டிங்கையும் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, கவர்களைப் பிரிக்க வேண்டும். கூலி முழுக்க அந்தப் பிரிப்புக்குத்தான். பழைய டென்ஷனரோ பம்ப்போ எட்டு மாதம் கழித்து மடங்கினால் அதே கூலி மறுபடி. டென்ஷனர் இறுகிப்போனால் புது பெல்ட்டும் சேர்ந்து போகும்.

சென்னையில் உதிரி பாகம் என்றால் ராயப்பேட்டையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். எல்லா வண்டிக்கும் எல்லாமும் கிடைக்கும், போலியும் சேர்த்து. கம்பெனி பாகம் வாங்குவது ஒரு வழி. கேட்ஸ், காண்டிடெக், டேகோ மாதிரி பெல்ட் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் கிட் இன்னொரு வழி. கார் கம்பெனிகளுக்குப் பெல்ட் கொடுப்பதே இவர்களைப் போன்றவர்கள்தான். பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா, எழுத்து மங்கலா, பெல்ட்டின் மேல் உள்ள பாக எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். புதுப்பேட்டைக்கு இதற்காக மட்டும் போகக் கூடாது. கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாம் அங்கே பழசு வாங்கலாம். பழைய டைமிங் பெல்ட், பழைய டென்ஷனர் கூடவே கூடாது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பெல்ட்டை மடித்தோ, உள்பக்கத்தை வெளியே திருப்பியோ, ஆணியில் தொங்கவிட்டோ வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்தால் முறியும், முறிந்தது வெளியே தெரியாது.

வேலை நடக்கும் நாள்

இதை நீங்களே செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆயில் மாற்றுங்கள், ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், பிரேக் பேடுகூட மாற்றிப் பழகுங்கள். இதை விட்டுவிடுங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டால் வண்டி இழுவை குறைந்து, செக் என்ஜின் விளக்கு எரியும். இரண்டு மூன்று பல் தள்ளிப் போட்டால் சில என்ஜின்களில் மாமாவின் கதைதான், முதல் சாவியிலேயே.

ஆனால் கூட நிற்கலாம், நிற்க வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள்; என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சின்ன பெட்ரோலுக்கு அரை நாள், டீசலுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். வேலை கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த என்ஜினுக்கு லாக்கிங் பின் இருக்கா அண்ணே?" டி.சி.ஐ., டி.டி.சி.ஐ., டி.டி.ஐ. மாதிரி டீசல்களில் கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டத் தனி பின் உண்டு. அதைச் செருகிவிட்டுத்தான் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். "அதெல்லாம் வேணாம் சார், பெயின்ட் வெச்சு மார்க் பண்ணி மாத்திடுவேன்" என்பவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். மாருதி 800-க்கு அவரிடம் போங்கள், டஸ்டருக்கு வேண்டாம். சின்ன பெட்ரோல்களில் கிராங்க்கிலும் கேமிலும் கம்பெனி வைத்த மார்க் இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று நீங்களே எட்டிப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம்.

சில டீசல்களில் கிராங்க் புல்லி போல்ட்டை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். புதுசு வாங்கச் சொன்னால் அது ஏமாற்று இல்லை. முறுக்குவதற்கு டார்க் ரென்ச் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

பெல்ட் ஏறியதும் நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. செல்ஃபைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் ஒரு சுற்று வந்திருக்கும். மார்க்குகள் மறுபடி அதே இடத்தில் நிற்க வேண்டும், டென்ஷனரின் குறியும் சரியாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது இரும்பில் இரும்பு இடிப்பதுபோல் தடுத்தால் பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது, கழற்றி முதலிலிருந்து. ஐந்து நிமிஷ வேலை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது பல கடைகளில் இந்த ஐந்து நிமிஷம்தான் காணாமல் போகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பதற்குத்தான் உங்களைக் கூடப் போகச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

அறுந்தே போய்விட்டால்

அந்த விர்ரென்ற சத்தம். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றி, ஒரு உறுமல்கூட இல்லாமல் இருந்தால், வால்வுகள் திறந்தபடி நின்று கம்ப்ரெஷன் இல்லை என்று பொருள். சாவியை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை அடித்துப் பார்க்காதீர்கள். உதவிக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் "தள்ளிவிட்டு ரெண்டாவது கியர்ல போடுங்க சார்" என்பார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நியூட்ரலில் ஓரமாகத் தள்ளி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுத்தாலும் கியரில் இருக்கக் கூடாது. என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவியும் குறையும், ஸ்டியரிங்கில் இருப்பவர் அதற்குத் தயாராக இருக்கட்டும்.

கடையில் போய் உடனே ஹெட்டை இறக்கச் சம்மதிக்க வேண்டாம். பிளக் துவாரம் வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்க்கலாம். மார்க் சேர்த்துப் புது பெல்ட்டைப் போட்டு, கையால் சுற்றி, கம்ப்ரெஷன் பார்க்கலாம். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஹெட், வால்வு, கைடு, கேஸ்கெட், ஹெட் போல்ட், லேத் வேலை என்று பட்டியல் நீளும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது பல பத்தாயிரங்களுக்குப் போகும். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் செய்யும் சிரமமும் வேண்டாம். தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் சாதாரண வாகன பாலிசி ஏற்காது. பதினைந்து வருஷம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் பெல்ட் கவரை யாரும் கழற்றிப் பார்க்கப் போவதில்லை.

வண்டியை எடுக்கும்போது

பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி, எந்த நிலையில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் தெரியும். பில்லில் தேதி, கிலோமீட்டர், பாக எண்கள் மூன்றும் இருக்கட்டும். பழைய இன்னோவா என்றால் அந்த விளக்கைத் திரும்பப் பூஜ்யத்தில் வைத்தார்களா என்று கேளுங்கள். ஒரு ஸ்டிக்கரில் மாற்றிய மாதமும் வருஷமும் எழுதி, அடுத்த கெடு வருஷத்தையும் எழுதி, பெல்ட் கவர் மேலேயோ பானெட்டின் உள்பக்கமோ ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வண்டி கைமாறினால் வாங்குகிறவருக்கும் உதவும்.

வாட்டர் பம்ப் மாற்றியிருந்தால் கூலன்ட் வடித்து ஊற்றியிருப்பார்கள். உள்ளே தங்கின காற்று வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும். தினமும் காலையில், என்ஜின் சூடாவதற்கு முன், கூலன்ட் டப்பாவில் மட்டத்தைப் பாருங்கள். அந்த மூன்று நாளும் அடையாறு வரை போய் வாருங்கள், கும்பகோணம் இப்போதைக்கு வேண்டாம். ஐட்லிங்கில் பானெட்டைத் திறந்து வைத்து அந்தப் பக்கம் காதைக் கொடுங்கள். பெல்ட் அதிகம் இறுகியிருந்தால் மெல்லிய விசில் மாதிரி ஒரு கூவல் கேட்கும், தளர்ந்திருந்தால் கவரில் தட்டும் சத்தம். இரண்டில் எது கேட்டாலும் அதே மெக்கானிக்கிடம், அதே வாரத்தில்.

இரண்டாவது மாடி மாமா தன் பழைய பெல்ட்டின் அறுந்த துண்டை வீட்டில் வைத்திருக்கிறார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் கட்டியிருக்கிறார்.